பிஞ்சுக் குழந்தை என்ன பாவம் செய்தது?

ஞானஸ்நானத் தொட்டியருகே ஞானத்தாய் குழந்தையை ஏந்திக்கொண்டு நிற்கிறார். வெள்ளைச் சட்டை, லேஸ் வைத்த குல்லா. சாமியார் தலையில் மூன்று தடவை தண்ணீர் ஊற்றுகிறார். முதல் தடவை குழந்தை கண்ணைத் திறந்தது. இரண்டாவது தடவை உதட்டைப் பிதுக்கியது. மூன்றாவதற்கு வீறிட்டு அழுதது. நான் போயிருந்த அந்த ஞானஸ்நானத்தில் என் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா கிறிஸ்தவர் அல்ல. அக்கம்பக்கத்துப் பழக்கத்தில் வந்தவர். அவர் மெதுவாகக் கேட்டார்: "பாவம், பச்சப்புள்ள. இதுக்கு என்ன பாவம் இருக்கும்னு கழுவுறாங்க?"

ஒரே மூச்சில் இரண்டு 'பாவம்'. முதலாவது இரக்கம், இரண்டாவது குற்றம். யோசித்துச் சொன்ன வார்த்தை விளையாட்டல்ல, தமிழ் அப்படித்தான் பேசும். ஆனால் கிறிஸ்தவத்துக்குள் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாக நடக்கும் ஒரு பெரிய வழக்கு அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. மனிதன் குற்றவாளியாகப் பிறக்கிறானா, அல்லது இரக்கப்பட வேண்டிய ஒரு நிலையில் பிறக்கிறானா?

அந்த அம்மாவுக்கு அன்று நான் சரியான பதில் சொல்லவில்லை. "ஆதாம் ஏவாள் செய்த பாவம் எல்லாருக்கும் ஒட்டிக்கொண்டு வருதுன்னு நம்பிக்கை" என்று ஒரு வரியில் முடித்துவிட்டேன். அந்த ஒரு வரிதான் பிரச்சினை. அது முழுப் பொய்யுமல்ல, முழு உண்மையுமல்ல.

பெயரிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கத்தோலிக்கர்களின் பழைய செபங்களில் இது 'ஜென்மப் பாவம்'. மாதா பிரார்த்தனையில் 'ஜென்மப் பாவமில்லாமல் உற்பவித்த இராக்கினியே' என்று சொல்லி வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவரவர் கையால் செய்யும் பாவத்துக்குக் 'கர்மப் பாவம்' என்று பெயர். இன்றைய கத்தோலிக்க நூல்கள் 'பிறப்புநிலைப் பாவம்' என்கின்றன. சீர்திருத்த சபைகளில் 'ஆதிப் பாவம்' என்பார்கள். பிரசங்கத்தில் அதிகம் காதில் விழுவது 'பாவ சுபாவம்'. ஜென்மம், கர்மம் என்ற சொற்களைக் கேட்ட உடனே தமிழ்க் காதுக்கு முற்பிறவிதான் ஞாபகம் வரும். போன ஜென்மத்தில் செய்ததை இந்த ஜென்மத்தில் அனுபவிக்கிறோம் என்ற கணக்கு நம் மண்ணில் அவ்வளவு ஆழமாக ஊறியது. 1606இல் மதுரைக்கு வந்த இயேசு சபைத் துறவி ராபர்ட் தெ நொபிலி மறுபிறப்பை மறுப்பதற்கென்றே 'புனர்ஜென்ம ஆட்சேபம்' என்று ஒரு நூல் எழுத வேண்டியிருந்தது. ஜென்மப் பாவம் என்பது முன்பு நான் செய்ததன் பாக்கி அல்ல. நான் செய்யவே செய்யாத ஒன்று. அதனால்தான் அது இன்னும் கடினமான கேள்வியாகிறது. கர்மக் கணக்கிலாவது கடன் என்னுடையது.

சைவ சித்தாந்தம் படித்தவர்களுக்கு ஆணவ மலம் நினைவுக்கு வரலாம். செம்பில் களிம்பு போல, நெல்லில் உமி போல உயிரோடு கூடவே இருக்கும் அழுக்கு. ஒப்பிடத்தக்கதுதான். ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. ஆணவத்துக்குத் தொடக்கமே இல்லை, அது அநாதி. கிறிஸ்தவமோ, களிம்பு பிறகு வந்தது, செம்பு முதலில் சுத்தமாகத்தான் இருந்தது என்று பிடிவாதமாகச் சொல்கிறது. 'தேவன் தாம் உண்டாக்கின எல்லாவற்றையும் பார்த்தார், அது மிகவும் நன்றாயிருந்தது' என்று ஆதியாகமம் முதல் அதிகாரம் முடிகிறது. மூன்றாம் அதிகாரத்தின் வீழ்ச்சி அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மறந்துவிட்டு மனித சுபாவத்தைப் பற்றிக் கிறிஸ்தவம் என்ன சொல்கிறது என்று பேச ஆரம்பித்தால் எல்லாமே கோணலாகிவிடும்.

பைபிள் எவ்வளவு சொல்கிறது?

நாம் நினைப்பதைவிடக் குறைவாகத்தான். ஏதேன் தோட்டத்துக் கதையில், அதாவது ஆதியாகமம் 3ஆம் அதிகாரத்தில், 'பாவம்' என்ற சொல்லே கிடையாது. அது முதன்முதலில் வருவது அடுத்த அதிகாரத்தில், காயீன் தம்பியைக் கொல்வதற்குச் சற்று முன்பு: 'பாவம் வாசற்படியில் படுத்திருக்கும்.' வாசலில் பதுங்கிக் கிடக்கும் மிருகம் மாதிரி. அதை நீ ஆண்டுகொள்ளலாம் என்றும் கடவுள் காயீனிடம் சொல்கிறார்.

அந்தக் கதைக்குச் சொந்தக்காரர்களான யூதர்கள் அதிலிருந்து பரம்பரைக் குற்றம் என்ற கோட்பாட்டை எடுக்கவில்லை. மனிதனுக்குள் நல்ல நாட்டம், தீய நாட்டம் என இரண்டு உண்டு, எதை வளர்ப்பது என்பது அவன் கையில் என்பதே ரபிமார்களின் போதனை. பழைய ஏற்பாட்டிலேயே எசேக்கியேல் தீர்க்கதரிசி முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிறார். 'பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின' என்று ஜனங்கள் பழமொழி சொல்லித் திரிந்தார்கள். இனி இந்தப் பழமொழியே வேண்டாம் என்கிறார் அவர்: 'குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை.' இன்னொரு பக்கம் 51ஆம் சங்கீதம், 'என் தாய் என்னைப் பாவத்தில் கர்ப்பந்தரித்தாள்' என்று அழுகிறது. இரண்டுமே ஒரே புத்தகத்தில் இருக்கின்றன.

ஆதாமை மனிதகுலம் முழுவதற்கும் முடிச்சுப் போட்டவர் அப்போஸ்தலர் பவுல். ரோமருக்கு எழுதிய கடிதத்தில் (ரோமர் 5:12) ஒரே மனிதனால் பாவமும், பாவத்தால் மரணமும் உலகத்துக்குள் வந்தது என்கிறார். அந்த வசனத்தின் கடைசித் துண்டுதான் சரித்திரத்தையே திருப்பியது. கிரேக்க மூலத்தில் அது பொதுவாக 'எல்லாரும் பாவம் செய்ததால்' என்று புரிந்துகொள்ளப்படுகிறது. பழைய லத்தீன் மொழிபெயர்ப்போ, 'அவனில் எல்லாரும் பாவம் செய்தார்கள்' என்று வாசிக்க இடம் கொடுத்தது. அவனில் என்றால் ஆதாமுக்குள். ஒரு சிறு வேற்றுமை உருபுதான். ஆனால் ஒன்றில் நான் செய்த பாவத்துக்கு நான் சாகிறேன். மற்றதில் நான் பிறப்பதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே, ஆதாமின் உடம்புக்குள் இருந்தபடியே நான் பாவம் செய்துவிட்டேன். நம் வீடுகளில் இருக்கும் பழைய தமிழ் வேதாகமத்தை எடுத்துப் பாருங்கள்: 'எல்லா மனுஷரும் பாவஞ்செய்தபடியால்.' தமிழ் கிரேக்கத்தின் பக்கம் நிற்கிறது.

பேரிக்காய் திருடிய பையன்

லத்தீன் வாசிப்பைக் கையில் எடுத்து, அதைக் கோட்பாடாகக் கட்டியவர் அகுஸ்தீன். 354இல் வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே ஊரில், இன்றைய அல்ஜீரியாவில் பிறந்தவர். அவருடைய கோட்பாட்டைப் படிப்பதற்கு முன்பு அவருடைய 'ஒப்புதல்கள்' நூலில் ஒரே ஒரு சம்பவத்தைப் படித்துவிட வேண்டும். எனக்கு இந்த விஷயம் புரியத் தொடங்கியதே அந்த இடத்தில்தான்.

அவருக்குப் பதினாறு வயது. மேற்படிப்புக்கு அப்பாவிடம் பணம் சேரவில்லை, ஒரு வருஷம் சும்மா ஊரில் சுற்றுகிறார். வீட்டுத் திராட்சைத் தோட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு பேரிக்காய் மரம். காய்கள் பார்க்கவும் நன்றாக இல்லை, ருசியும் இல்லை. நடு ராத்திரியில் பையன்கள் கும்பலாகப் போய் மரத்தை உலுக்கி, சுமை சுமையாக அள்ளிக்கொண்டு வந்து பன்றிகளுக்குக் கொட்டுகிறார்கள். அவ்வளவுதான் கதை. பசியில்லை. ஆசையும் இல்லை. வீட்டில் இதைவிட நல்ல காய் இருந்தது. 'பிறகு ஏன் செய்தேன்?' என்று பல வருஷம் கழித்து, ஆயராக உட்கார்ந்துகொண்டு அவர் பக்கம் பக்கமாகத் தோண்டுகிறார். தப்பு என்பதற்காகவே அது இனித்தது என்கிறார். தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்றும் சொல்கிறார்.

ஒரு காய்த் திருட்டுக்கு இவ்வளவு புலம்பலா என்று தோன்றும். நம் தெருவில் மாங்காய் அடிக்காத பையன் யார்? ஆனால் அவர் தேடுவது திருட்டின் அளவை அல்ல, அதன் வேரை. காரணமே இல்லாத இடத்தில் கெட்டதைச் செய்ய எனக்குள் என்ன இருக்கிறது? பவுல் ரோமர் 7இல் சொன்னதும் இதே அனுபவம்தான்: 'நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்.' இரவு பதினொரு மணிக்கு, வேண்டாம் வேண்டாம் என்றுகொண்டே கைபேசியில் யாரையோ புண்படுத்தும் பதிலைத் தட்டி அனுப்பியவருக்கு இது தெரியும்.

அதே நூலில் இன்னொரு காட்சியும் உண்டு. பேச்சு வராத ஒரு கைக்குழந்தை, தன்னோடு பால் குடிக்கும் இன்னொரு குழந்தையை முகம் வெளுத்துப்போய் முறைக்கிறது. பொறாமை. பிறந்த உடனேயா என்று அகுஸ்தீன் திகைக்கிறார். அந்தக் குழந்தையைத்தான் பிற்பாடு அவர் தன் வாதத்தின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். அங்கேதான் அவர் சறுக்கினார் என்பது என் எண்ணம். அதைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

இளமையில் ஒன்பது ஆண்டுகள் அவர் மானிக்கேயர்களோடு இருந்தவர். ஒளி ஒரு சக்தி, இருள் ஒரு சக்தி, மனித உடல் இருளில் சிக்கிய சிறை என்பது அவர்கள் போதனை. 387இல் மிலானில் ஞானஸ்நானம் பெற்ற பிறகு அதை உதறினார். தீமை என்று தனியாக ஒரு பொருள் கிடையாது, அது நன்மையின் குறை என்று எழுதினார். கண் தெரியாமை எப்படிக் கண்ணுக்கு வந்த குறையோ, அப்படி. ஆகவே மனித இயல்பு தீயது என்று அவர் சொல்லவே இல்லை. நல்லது கெட்டுப்போயிருக்கிறது என்றார்.

பெலாஜியுஸ்

எதிர்ப்பக்கம் நின்றவர் பிரிட்டனிலிருந்து ரோமுக்கு வந்த துறவி பெலாஜியுஸ். கண்டிப்பும் ஒழுக்கமும் உள்ள மனிதர். ரோமில் பெயருக்குக் கிறிஸ்தவர்களாகி, பழைய ஆட்டபாட்டத்தையே தொடர்ந்த பணக்காரர்களைப் பார்த்து மனம் வெதும்பியவர். அகுஸ்தீனின் நூலில் ஒரு செபம் உண்டு: 'நீர் கட்டளையிடுவதை நீரே தாரும்; பிறகு நீர் விரும்பியதைக் கட்டளையிடும்.' ஒரு ஆயர் இதைப் படித்துக் காட்டியபோது பெலாஜியுஸால் பொறுக்க முடியவில்லை. இது சோம்பேறிகளுக்குச் சாக்கு அல்லவா? செய்ய முடியாததைக் கடவுள் எப்படிக் கட்டளையிடுவார்? முடியும் என்பதால்தானே சொல்கிறார்?

410இல் கோத் இனத் தலைவன் அலாரிக்கின் படை ரோமைச் சூறையாடியது. பெலாஜியுஸ் ஆப்பிரிக்காவுக்கும் அங்கிருந்து பாலஸ்தீனத்துக்கும் போனார். 413 வாக்கில் தெமெத்ரியாஸ் என்ற இளம்பெண்ணுக்கு அவர் எழுதிய நீண்ட கடிதம் இன்றும் கிடைக்கிறது. ரோமின் மிகப் பெரிய குடும்பம் ஒன்றின் பெண், கல்யாணத்தை விட்டுக் கன்னித்துறவு ஏற்றவள். யாருக்கு அறிவுரை சொன்னாலும் முதலில் மனித இயல்பின் பலத்தைக் காட்டித்தான் தொடங்குவேன் என்று அவளுக்கு எழுதுகிறார். உன்னால் முடியும். ஆதாம் நமக்குக் கெட்ட முன்மாதிரி, அவ்வளவுதான். பாவம் ரத்தத்தில் வருவதில்லை, பழக்கத்தில் வருகிறது.

இன்றைக்குப் படித்தால் பெலாஜியுஸ்தான் நம் ஆள் என்று தோன்றும். தன்னம்பிக்கைப் பேச்சாளர்கள் எல்லாரும் அவர் பிள்ளைகள். நானும் ரொம்ப நாள் அவர் பக்கம்தான் இருந்தேன். என்னை மாற்றியது எந்தப் புத்தகமுமல்ல, குடியில் சிக்கிய ஒரு உறவினர். "மனசு வெச்சா விட்டுடலாம்ல? உனக்கு மனசு இல்ல" என்று குடும்பமே அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவர் தலை இன்னும் கொஞ்சம் குனியும். அவர் மனசு வைக்காமல் இல்லை. மனசுதான் உடைந்திருந்தது. 'உன்னால் முடியும்' என்ற நல்ல வார்த்தைக்குள் 'முடியவில்லை என்றால் நீ வேண்டுமென்றே செய்கிறாய்' என்ற தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பெலாஜியுஸின் மென்மையான இறையியலில் விழுந்தவனுக்கு இடமில்லை. குடியை விட உதவும் 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' அமைப்பின் முதல் படி, இதன் முன் நான் சக்தியற்றவன் என்று ஒப்புக்கொள்வது. அது அப்படியே அகுஸ்தீன்.

சண்டை சூடானது பெலாஜியுஸின் தோழர் செலெஸ்தியுஸாலும், குழந்தை ஞானஸ்நானத்தாலும். அகுஸ்தீனின் வாதம் எளிமையானது, மடக்குவது கஷ்டம். திருச்சபை கைக்குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறது. ஞானஸ்நானம் பாவ மன்னிப்புக்காக. அந்தச் சடங்கில் குழந்தையின் முகத்தில் ஊதி அசுத்த ஆவியை வேறு விரட்டுகிறார்கள். பாவமே இல்லாத குழந்தைக்கு இது எதற்கு? சபை பொய் நாடகமா ஆடுகிறது? அப்படியானால் அதற்குள் பாவம் இருக்கத்தான் வேண்டும். கவனியுங்கள், கோட்பாட்டிலிருந்து சடங்கு பிறக்கவில்லை. சடங்கிலிருந்து கோட்பாடு பிறந்தது.

415இல் பாலஸ்தீனத்து தியோஸ்போலிஸில் கூடிய ஆயர்கள் பெலாஜியுஸ் குற்றமற்றவர் என்றார்கள். 418இல் கார்த்தேஜில் கூடிய ஆப்பிரிக்க ஆயர்கள் அவர் கொள்கையைக் கண்டித்தார்கள். பேரரசர் ஒனோரியுஸும் ஆணை பிறப்பித்தார். முதலில் தயங்கிய பாப்பரசர் சோசிமுஸும் கடைசியில் கண்டனத்தில் சேர்ந்தார். கையெழுத்திட மறுத்த இத்தாலிய ஆயர்களில் ஒருவரான எக்லானும் ஊர் ஜூலியன் மட்டும் விடவில்லை. குழந்தையைப் படைப்பதும் கடவுள், அதைத் தண்டிப்பதும் கடவுளா? நீ இன்னும் மானிக்கேயன்தான் என்று அகுஸ்தீனை அறைந்தாற்போல் கேட்டார். கணவன் மனைவி உறவில் எழும் இச்சையையும் இந்தப் பாவத்தோடு அகுஸ்தீன் பிணைத்தது ஜூலியனுக்கு அருவருப்பாக இருந்தது. அந்தப் பிணைப்பு மேற்கத்தியக் கிறிஸ்தவத்தில் உடலைப் பற்றியும் பெண்களைப் பற்றியும் விட்டுப்போன நிழல் நீளமானது. பவுல் ரோமர் 5இல் ஏவாளின் பெயரையே எடுக்கவில்லை என்பதைப் பிற்கால பிரசங்கிகள் வசதியாக மறந்தார்கள். 430இல் வாண்டல் படை, அகுஸ்தீன் ஆயராக இருந்த ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்தபோது அவர் இறந்தார். ஜூலியனுக்கு எழுதிக்கொண்டிருந்த பதில் முடியாமல் கிடந்தது.

சரி, சறுக்கல் எங்கே? அகுஸ்தீன் இரண்டு விஷயங்களை ஒன்றாகக் கட்டிவிட்டார். ஒன்று, நாம் காயத்தோடு பிறக்கிறோம். இரண்டு, அந்தக் காயத்துக்கு நாமே குற்றவாளிகள். முதலாவது பேரிக்காய் மரத்தடியில் அவரே கண்டது, நாமும் தினம் காண்பது. இரண்டாவது ஒரு லத்தீன் வாக்கியத்தையும் ஒரு சடங்கையும் வைத்து ஊகித்தது. அப்பா வாங்கிய கடனால் பிள்ளை வறுமையில் வளரும், அது நடப்பு. அந்தப் பிள்ளையைக் கடன் வாங்கியவன் என்று சிறையில் போட்டால் அது வேறு.

கிழக்கே வேறு படம்

கிரேக்கம் பேசிய கிழக்குச் சபைகள் இந்த முடிச்சைப் போடவேயில்லை. இரண்டாம் நூற்றாண்டிலேயே லியோன் ஆயர் இரேனியுஸ், ஆதாமும் ஏவாளும் குழந்தைகள் மாதிரி, வளர்வதற்கு முன்பே அவசரப்பட்டு இடறினார்கள் என்று எழுதினார். 407இல் இறந்த, கிழக்கின் புகழ்பெற்ற பிரசங்கி கிறிசோஸ்தோம், குழந்தைகளுக்குப் பாவங்கள் இல்லாதிருந்தும் ஞானஸ்நானம் கொடுக்கிறோம் என்று வெளிப்படையாகவே பிரசங்கித்திருந்தார். ஜூலியன் அதை எடுத்துக் காட்டியபோது, 'பாவங்கள்' என்று பன்மையில்தானே சொன்னார் என்று அகுஸ்தீன் சமாளிக்க வேண்டியிருந்தது. ஆர்த்தடாக்ஸ் சபைகளின் நிலை இன்றும் இதுதான்: ஆதாமிடமிருந்து நமக்கு வருவது மரணமும் பலவீனமும், குற்றமல்ல. பாவம் அவர்களுக்கு முதலில் ஒரு நோய். சபை ஒரு மருத்துவமனை.

இஸ்தான்புல்லில் முன்பு கோரா தேவாலயமாக இருந்த கட்டடத்தின் சுவரில் 14ஆம் நூற்றாண்டு ஓவியம் ஒன்று இருக்கிறது. வெள்ளை ஆடையில் கிறிஸ்து, காலடியில் உடைந்த பாதாளக் கதவுகள், சிதறிக் கிடக்கும் பூட்டுகள். ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறையிலிருந்து இழுக்கிறார். கைகோத்து அல்ல, மணிக்கட்டைப் பிடித்து. கிணற்றில் விழுந்தவனைத் தூக்கும்போது அப்படித்தான் பிடிப்போம். விழுந்தவனின் பிடியை நம்ப முடியாது. அந்த இரண்டு பேரையும் கிழக்குக் கிறிஸ்தவர்கள் குற்றவாளிக் கூண்டில் வைத்து வரைவதைவிட, இப்படி மீட்கப்படும் கணத்தில் வரைவதையே விரும்பினார்கள். அந்த அம்மா முதலில் சொன்ன 'பாவம்' இதுதான்.

மேற்கில் விவகாரம் அடங்கவில்லை. அகுஸ்தீன் சபைத் துறவியாக இருந்து, பிறகு சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் அவரைவிட ஒரு படி மேலே போனார். மனிதன் தன்னை நோக்கியே வளைந்துபோனவன் என்றார். நல்ல காரியத்தைச் செய்யும்போதும் ஓரக்கண்ணால் தன்னையே பார்த்துக்கொள்பவன். சித்தத்துக்குக் கொஞ்சமாவது சுதந்திரம் உண்டு என்று கத்தோலிக்க அறிஞர் எராஸ்முஸ் 1524இல் எழுத, மறு ஆண்டே அது அடிமைப்பட்ட சித்தம் என்று லூதர் பதிலடி கொடுத்தார். அதற்குக் கத்தோலிக்கப் பதில் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கத்தில் 1546 ஜூன் 17 அன்று வந்தது. ஜென்மப் பாவம் உண்டு, முன்மாதிரியால் அல்ல, வம்சவழியாகவே வருகிறது. ஆனால் ஞானஸ்நானத்தில் அது முழுவதும் போய்விடுகிறது. அதன் பிறகும் உள்ளே இருக்கும் இச்சை பாவத்துக்கு இழுக்கும், ஆனால் அதுவே பாவம் அல்ல. இச்சையே பாவம்தான் என்றது லூதர் தரப்பு. 1706இல் தரங்கம்பாடியில் சீகன்பால்க் இறங்கியபோது அந்த லூத்தரன் போதனைதான் அவரோடு கரையேறியது.

இன்னொரு சீர்திருத்தவாதியான கால்வின் வழிவந்தவர்களின் 'முழுச் சீரழிவு' என்ற சொல்லைத்தான் எல்லாரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். 1618–19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சங்கத்தின் போதனை, மனிதன் எவ்வளவு கெட்டவனாக முடியுமோ அவ்வளவு கெட்டவன் என்பதல்ல. அறிவு, ஆசை, சித்தம் என்று பாவம் தொடாத மூலையே நமக்குள் இல்லை என்பதுதான். குடத்துப் பாலில் ஒரு துளி மோர் விழுந்தால் குடம் முழுவதும் திரிந்துவிடும், அந்த மாதிரி. மெதடிஸ்ட் இயக்கத்தின் தந்தை ஜான் வெஸ்லியும் 1757இல் ஆதிப் பாவத்தை ஆதரித்துத் தனி நூலே எழுதினார். கூடவே, யாரும் கேட்பதற்கு முன்பே எல்லா மனிதருக்கும் முந்திக்கொண்டு வரும் ஒரு கிருபை உண்டு, அதனால்தான் மனம் திரும்பவே முடிகிறது என்றும் சேர்த்தார். நம் ஊர் நற்செய்திக் கூட்டங்களில் 'நீ ஒரு பாவி' என்று ஒலிபெருக்கியில் கேட்கும்போது இந்த இரண்டாம் பாதி பெரும்பாலும் காணாமல் போயிருக்கும். அது எனக்கு வருத்தம். முதல் பாதியை மட்டும் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் தங்களையே வெறுக்கக் கற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

1854இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் (பயஸ்) அறிவித்த அமலோற்பவக் கோட்பாடும் இதன் கிளைதான். மரியாள் கன்னியாகக் கருத்தரித்ததைப் பற்றியது அல்ல அது. நிறையப் பேர் அப்படி நினைக்கிறார்கள். மரியாளே தன் தாயின் வயிற்றில் ஜென்மப் பாவமில்லாமல் உற்பவித்தார் என்பது. கிழக்குச் சபைகளுக்கு இது தேவையே படவில்லை. குற்றம் பரம்பரையாக வருவதில்லை என்றால் விதிவிலக்கு எதற்கு?

இன்று

ஆதாம் ஏவாள் என்று ஒரே ஜோடி இருந்ததா என்ற கேள்வியைப் பரிணாம அறிவியல் எழுப்பியது. மனிதகுலம் ஒரே ஜோடியிலிருந்து வரவில்லை என்ற கருத்தை ஜென்மப் பாவத்தோடு எப்படிப் பொருத்துவது என்று தெரியவில்லை என 1950இல் பன்னிரண்டாம் பத்திநாதர் எச்சரித்தார். 1992இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் தொனி கவனிக்கத்தக்கது. இந்தப் பாவம் செய்த பாவமல்ல, வந்து சேர்ந்த பாவம். ஒரு செயலல்ல, ஒரு நிலை. 'பாவம்' என்ற சொல்லே இங்கே ஒப்புமையாகத்தான் வருகிறது என்கிறது. ஆதாமின் வழிவந்த எவருக்கும் இது சொந்தக் குற்றத்தின் தன்மை உடையதல்ல, மனித இயல்பு காயப்பட்டிருக்கிறது, முழுவதும் சீரழிந்துவிடவில்லை என்றும் சொல்கிறது. கிழக்கு நோக்கி ஒரு எட்டு வைத்த மாதிரி இருக்கிறது.

லத்தீன் அமெரிக்க ஆயர்கள் 1968இல் கொலம்பியாவின் மெதெயின் நகரில் கூடிய காலம் முதல், பாவம் ஆளுக்குள் மட்டுமல்ல, அமைப்புகளுக்குள்ளும் குடியிருக்கிறது என்ற சிந்தனை வளர்ந்தது. 1987இல் பாப்பரசர் இரண்டாம் ஜான் பால் 'பாவக் கட்டமைப்புகள்' என்ற சொல்லையே பயன்படுத்தினார். தமிழருக்கு இதைப் புரியவைக்க லத்தீன் அமெரிக்காவுக்குப் போகவேண்டியதில்லை. சாதி இருக்கிறது. எந்தக் குழந்தையும் அதைத் தேர்ந்தெடுப்பதில்லை. பேச்சு வருவதற்கு முன்பே எந்த வீட்டுத் திண்ணையில் ஏறலாம், யார் மடியில் உட்காரலாம் என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தாகிவிடுகிறது. வளர்ந்து, படித்து, அது தப்பு என்று மனதாரச் சொல்லும்போதும், கல்யாணப் பேச்சு வரும் நாளில் உள்ளேயிருந்து எழுந்து நிற்கிறது. தமிழ்நாட்டில் சில கல்லறைத் தோட்டங்களில் ஒரே ஞானஸ்நானம் பெற்றவர்களைச் சாதி பார்த்துத் தனித்தனியே புதைக்கிறோம். நடுவில் சுவர் எழுப்பிய இடங்களும் உண்டு. தான் செய்யாத, ஆனால் தனக்குள்ளே இருக்கிற, தன் விருப்பத்தை மீறி வேலை செய்கிற ஒன்றுக்கு ஜென்மப் பாவம் என்பதைவிடப் பொருத்தமான பெயர் எனக்குத் தெரியவில்லை. பெலாஜியுஸ் சொன்ன கெட்ட முன்மாதிரி என்பது இதற்குப் போதாது.

ஆனால் அந்தக் குழந்தை? அகுஸ்தீன் தன் தர்க்கத்தின் கடைசி வரை போனார். ஞானஸ்நானம் இல்லாமல் இறக்கும் குழந்தைக்கும் தண்டனை உண்டு, மிக மிக இலேசானதுதான் என்றார். இடைக்கால இறையியலாளர்களுக்கு மனம் கேட்கவில்லை. வலியில்லாத, ஆனால் கடவுளைக் காணாத ஒரு இடத்தை யோசித்தார்கள். 'லிம்போ' என்று பெயர். லத்தீனில் விளிம்பு, ஓரம். அது ஒருபோதும் கட்டாயக் கோட்பாடாகவில்லை, ஆனாலும் நூற்றாண்டுகளாகத் தாய்மார் அதை நம்பினார்கள். ஆபத்து வேளையில் யாரும், கிறிஸ்தவரல்லாத ஒரு மருத்துவச்சியும்கூட, தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று சபை வைத்திருக்கும் விதிக்குப் பின்னால் அந்தப் பதற்றமும் இருந்தது.

தண்ணீர் வந்து சேர்வதற்குள் இறந்த குழந்தைகளுக்கு அயர்லாந்தில் தனி நிலங்கள் இருந்தன. 'கில்லீன்' என்பார்கள். அபிஷேகம் செய்யப்படாத மண். பாழடைந்த கோவிலோரம், வயல் மூலை, கடற்கரை மேடு. மந்திரிக்கப்பட்ட கல்லறையில் இடமில்லாததால், 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைகூட, அப்பாமார் இருட்டில் சிறு பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே புதைத்தார்கள். பெயர் இல்லை, தலைமாட்டில் ஒரு கல், சில இடங்களில் கூழாங்கற்கள். பெரும்பாலும் அம்மா கூடப் போகவில்லை. எந்த இடம் என்றுகூடப் பலருக்குத் தெரியாது.

2007இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணையம், பாப்பரசர் பதினாறாம் பெனடிக்ட்டின் ஒப்புதலோடு ஒரு ஆவணம் வெளியிட்டது. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகள் மீட்கப்படுவார்கள் என்று நம்புவதற்கு வலுவான காரணங்கள் உண்டு, லிம்போ என்பது மீட்பைப் பற்றிய மிதமிஞ்சிய குறுகிய பார்வை என்று அது சொல்கிறது. உறுதியாகத் தெரியும் என்று சொல்லவில்லை, நம்பலாம் என்கிறது. அகுஸ்தீனுக்குப் பிறகு ஏறக்குறைய 1600 ஆண்டுகள். அயர்லாந்தின் கில்லீன்கள் பலவற்றுக்கு இப்போது குருக்கள் வந்து மந்திரித்திருக்கிறார்கள், நினைவுக் கற்கள் நட்டிருக்கிறார்கள். வயதான அம்மாக்கள் சிலர் அந்தப் புல்வெளிக்கு முதல் தடவையாகப் பூவோடு போனார்கள்.